மீண்டும் வந்த சினைப்பைப் புற்றுநோய்: புதிய சிகிச்சைக்கான மருத்துவ ஆய்வில் சேர முழுமையான வழிகாட்டி

சிகிச்சை முடிந்த பிறகு மீண்டும் தலைகாட்டிய சினைப்பைப் புற்றுநோய்க்குப் புதிய மருந்து ஆய்வு எதிலாவது இடம் கிடைக்குமா என்று பார்க்கும் நோயாளிக்காகவும், அவருக்காக ரிப்போர்ட்டுகளைச் சுமந்து அலையும் குடும்பத்தாருக்காகவும் எழுதியது இது. ஃபெலோப்பியன் குழாயிலோ, வயிற்றறையின் உள்சவ்வான பெரிட்டோனியத்திலோ தொடங்கிய புற்றுநோய்க்கும் இதே வழிதான். பெரும்பாலான ஆய்வுகள் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன.

நோயின் நிலை பொருந்தியும் வாய்ப்பு கைநழுவினால், வேலைகளை முன்பின்னாகச் செய்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. அடுத்த கீமோவுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே கேளுங்கள்

நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் மனம் பதறும். உடனே ஏதாவது மருந்தைத் தொடங்கிவிடத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு டோஸ் ஏறினால்கூட இரண்டு சிக்கல்கள் வரும். அது தனி ஒரு சிகிச்சையாகக் கணக்கில் சேரக்கூடும். அதோடு, ஆய்வு மருந்தைத் தொடங்கும் முன் பழைய மருந்து உடலைவிட்டு நீங்க வழக்கமாக மூன்று, நான்கு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள்.

எனவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "எனக்கு எத்தனை வாரம் அவகாசம் இருக்கிறது? அதற்குள் ஆய்வு தேடலாமா?"

குடல் அடைப்பு, மூச்சுத்திணறல், வேகமாக நீர் கோத்தல் போன்றவை இருந்தால் அவகாசம் இல்லை. முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் இந்த நோயைக் கண்காணிக்க அளக்கும் புரதமான சி.ஏ.125 மட்டும் ஏறியிருக்கிறது, உடலில் தொந்தரவு இல்லை என்றால் பொதுவாக நேரம் இருக்கிறது. சி.ஏ.125 ஏறியவுடன் கீமோ தொடங்கியவர்களையும், அறிகுறி தெரியும்வரை பொறுத்துத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2010-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. முன்கூட்டியே தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்பதே அதன் முடிவு. சில வாரத் தேடலால் எல்லாம் கைமீறிவிடும் என்ற பயம் இந்த நிலையில் வேண்டாம்.

2. மூன்று விவரங்களை உறுதிசெய்யுங்கள்: வகை, பிளாட்டினம் இடைவெளி, எத்தனையாவது சிகிச்சை

எந்த ஆய்வு மையத்தைத் தொடர்பு கொண்டாலும் முதல் கேள்விகள் இந்த மூன்றாகத்தான் இருக்கும்.

*வகை.* பாத்தாலஜி ரிப்போர்ட்டில் பாருங்கள். அதிகம் பேருக்கு வருவது உயர்தர சீரஸ் வகை. குறைதர சீரஸ், கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு, மியூசினஸ் ஆகியவை வேறு வகைகள். அவற்றின் போக்கு வேறு, மருந்து வேறு. உயர்தர வகைக்கான ஆய்வு குறைதர வகையை ஏற்காது. அதே சமயம் குறைதர சீரஸ் வகைக்கென்றே ஆய்வுகள் உண்டு. அப்படி ஒன்றின் பலனாகத்தான் கேராஸ் மரபணு மாற்றம் உள்ள, மீண்டும் வந்த குறைதர சீரஸ் நோய்க்கு அவுடோமெட்டினிப், டிஃபாக்டினிப் என்ற இரு மாத்திரைகளின் கூட்டு 2025 மே மாதம் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் பெற்றது. வகை தெரியாமல் தேடுவது வீண் அலைச்சல்.

*பிளாட்டினம் இடைவெளி.* கார்போபிளாட்டின் அல்லது சிஸ்பிளாட்டின் கடைசியாக ஏறிய தேதியிலிருந்து, நோய் மீண்டும் வளர்ந்தது உறுதியான தேதி வரை உள்ள காலம் இது. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் பிளாட்டினத்துக்குக் கட்டுப்படும் நோய் என்றும், அதற்குள் என்றால் பிளாட்டினத்தை எதிர்க்கும் நோய் என்றும் பிரிப்பார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வளர்ந்த நோயைப் பல ஆய்வுகள் தனியாக வைக்கின்றன, சில விலக்கியே விடுகின்றன.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, அறுவை சிகிச்சைத் தேதியிலிருந்தோ, கீமோ முடிந்தபின் நோயைத் தள்ளிவைக்கத் தரும் பராமரிப்பு மாத்திரையை நிறுத்திய தேதியிலிருந்தோ எண்ணுவது. ஓலாப்பரிப், நிராப்பரிப் போன்ற பார்ப் தடுப்பு மாத்திரையை ஒரு வருடம் சாப்பிட்டிருந்தாலும் எண்ணிக்கை தொடங்குவது கடைசி பிளாட்டினத்திலிருந்துதான்.

*எத்தனையாவது சிகிச்சை.* "முன்பு ஒன்று முதல் மூன்று சிகிச்சைகள் வரை" என்பது போன்ற வரம்பு பல ஆய்வுகளில் உண்டு. எண்ணும் முறையில்தான் குழப்பம். அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று கீமோ, பின் மூன்று கீமோ என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே சிகிச்சை. அதைத் தொடர்ந்த பெவாசிசுமாப் அல்லது பார்ப் மாத்திரை பராமரிப்பும் பொதுவாக அதோடு சேர்ந்ததே. ஒவ்வாமையால் கார்போபிளாட்டினை நிறுத்தி சிஸ்பிளாட்டின் கொடுத்திருந்தாலும் அதைப் புதிதாக எண்ணுவதில்லை. லெட்ரோசோல், டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகளைச் சில ஆய்வுகள் எண்ணும், சில எண்ணாது. நீங்களே கூட்டிப் பார்த்து "நான்கு ஆகிவிட்டது, இனி வழியில்லை" என்று ஒதுங்கிவிடாதீர்கள். கணக்கை மையம் போடட்டும்.

இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டியவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு மீண்டும் பிளாட்டினம் நன்றாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு. சிலருக்கு இரண்டாவது அறுவை சிகிச்சையும் பொருந்தும். 2021-இல் வெளிவந்த டெஸ்க்டாப் 3 ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அறுவையும் கீமோவும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 53.7 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 46 மாதம். இந்த வழிகளை டாக்டரிடம் பேசி முடிக்காமல், பாதுகாப்பையும் டோஸையும் பார்க்கும் முதல் கட்ட ஆய்வுக்குத் தாவ வேண்டாம்.

3. ஒரே பக்கத்தில் சிகிச்சை வரலாறு எழுதுங்கள்

இருநூறு பக்கக் கோப்பை அனுப்பினால் பதில் தாமதமாகும். ஒரு பக்கச் சுருக்கத்தை மேலே வைத்து அனுப்பினால் ஆய்வு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அன்றே ஆராய முடியும். அதில் இருக்க வேண்டியவை:

- நோய் கண்டறிந்த மாதம், வகை, நிலை. அறுவை சிகிச்சைத் தேதி, கட்டி முழுவதும் அகற்றப்பட்டதா என்ற விவரம்
- ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருந்தின் பெயர், முதல் டோஸ் தேதி, கடைசி டோஸ் தேதி, எத்தனை சுற்று, நிறுத்திய காரணம்
- கடைசி சி.டி. ஸ்கேன் தேதி, கட்டிகள் இருக்கும் இடம், மில்லிமீட்டர் அளவு
- சி.ஏ.125 அளவுகள், தேதியோடு
- மரபணுப் பரிசோதனை முடிவுகள்
- மற்ற நோய்கள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும்

"நிறுத்திய காரணம்" என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நோய் வளர்ந்ததால் நிறுத்தியதா, பக்கவிளைவால் நிறுத்தியதா, திட்டமிட்ட சுற்றுகள் முடிந்ததா என்பதை வைத்தே பிளாட்டினம் எதிர்ப்பு முடிவாகிறது. நினைவில் இருப்பதை எழுதாமல் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து எழுதுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் காகிதம் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகடோ கோப்போ வேண்டும். கட்டியை ஆய்வு மையத்தின் ரேடியாலஜிஸ்ட் தாமே அளந்து பார்ப்பார்.

4. திசு பிளாக் எங்கே இருக்கிறது என்று இப்போதே கண்டுபிடியுங்கள்

அறுவையிலோ பயாப்சியிலோ எடுத்த திசுவை மெழுகில் பதித்து பாத்தாலஜி துறை பாதுகாத்து வைக்கும். அதுதான் பாரஃபின் பிளாக். இன்றைய ஆய்வுகளில் கணிசமானவை அதைக் கேட்கின்றன, ஏனென்றால் மருந்து குறிவைக்கும் புரதம் கட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறுவை நடந்த மருத்துவமனையின் பாத்தாலஜி துறையில், ரிப்போர்ட்டில் உள்ள பயாப்சி எண்ணைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பிளாக் இருக்கிறதா? கட்டி அதிகம் உள்ள பிளாக் எது? வெளியே அனுப்ப என்ன கடிதம் வேண்டும்? பழைய பிளாக்குகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடும் இடங்களும் உண்டு. கடைசி வாரத்தில் போய்க் கேட்டு ஏமாறாதீர்கள்.

பிளாக்கைத் தர மறுத்தால் சாயமேற்றாத ஸ்லைடுகள் கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே வெட்டி வைக்கச் சொல்லாதீர்கள். வெட்டிய ஸ்லைடு நாள்பட இருந்தால் புரதச் சாயம் மங்கும், முடிவு பொய்யாகிவிடும். எந்த ஆய்வு, எத்தனை ஸ்லைடு என்று தெரிந்த பிறகே வெட்ட வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய பரிசோதனைகள்:

*ஃபோலேட் ரிசெப்டார் ஆல்பா.* மிர்வெடுக்சிமாப் சொராவ்டான்சின் என்ற மருந்து குறிவைப்பது இதைத்தான். குறைந்தது 75 சதவீதக் கட்டி செல்களில் நடுத்தர அல்லது வலுவான சாயம் தெரிந்தால்தான் அந்த மருந்துக்குத் தகுதி. இதே புரதத்தைக் குறிவைக்கும் புதிய மருந்துகளின் ஆய்வுகள் சில குறைந்த அளவையும் ஏற்கின்றன. அதனால் "பாசிட்டிவ், நெகட்டிவ்" என்று மட்டும் வாங்காமல் சதவீதத்தையும் சாய வலிமையையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

*ஹெர்2.* இது கட்டி செல்லின் மேல் இருக்கும் இன்னொரு புரதம். சாயம் மூன்று பிளஸ் (மிக வலுவானது) என்றால் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து பற்றிப் பேசலாம். மூன்று பிளஸ் உள்ள, வேறு நல்ல வழியில்லாத திடக்கட்டிகளுக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்கா இதை விரைவு ஒப்புதலில் அனுமதித்தது.

*பிராக்கா 1, 2 மற்றும் எச்.ஆர்.டி.* பிராக்கா என்பது டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் மரபணு; எச்.ஆர்.டி. என்பது அந்தப் பழுதுபார்க்கும் திறனில் கட்டிக்கு உள்ள குறைபாடு. ரத்தத்தில் பார்ப்பது பிறப்பிலேயே வந்த மாற்றம். கட்டியில் பார்ப்பது கட்டியில் மட்டும் உண்டான மாற்றத்தையும் காட்டும். ரத்தம் நெகட்டிவ் என்றதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்.

பரந்த மரபணுப் பரிசோதனையின் முடிவு வரச் சில வாரம் ஆகும். தேடலைத் தொடங்கும் நாளிலேயே அதையும் அனுப்பிவிடுங்கள்.

5. தேடுங்கள், ஆனால் புற்றுநோயின் பெயரை மட்டும் வைத்தல்ல

அமெரிக்காவின் கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் தளத்தில் உலகெங்கும் நடக்கும் ஆய்வுகள் பதிவாகியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் தேடல் தளம் பல நாட்டுப் பதிவேடுகளை ஒன்றாகத் தேடித் தரும். ஒவ்வோர் ஆய்வுக்கும் பதிவு எண் உண்டு. அமெரிக்கத் தளத்தில் அது என்.சி.டி. என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் கொண்டது. யாரிடம் பேசினாலும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஒரே மருந்தை நான்கைந்து ஆய்வுகள் சோதிக்கும்போது பெயரை மட்டும் சொன்னால் குழப்பம்தான்.

மூன்று வகையாகத் தேடுங்கள்: சினைப்பைப் புற்றுநோய் என்று, "முற்றிய திடக்கட்டிகள்" என்று, உங்கள் கட்டியில் உள்ள மாற்றத்தின் பெயரால். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். முதல் கட்ட ஆய்வுகள் பலவற்றின் தலைப்பில் சினைப்பை என்ற சொல்லே இருக்காது, உள்ளே பட்டியலில்தான் இருக்கும்.

நிலையைக் கவனித்துப் படியுங்கள். "செயலில் உள்ளது, சேர்க்கை இல்லை" என்றால் கதவு மூடியாகிவிட்டது. "சேர்க்கை நடக்கிறது" என்றிருந்தாலும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள மையம் திறந்திருக்கிறதா என்று இடப்பட்டியலில் தனியாகப் பாருங்கள். தளத் தகவல் மாதக்கணக்கில் பழையதாகவும் இருக்கலாம்; தொலைபேசியில் உறுதி செய்யாமல் பயணம் கிளம்ப வேண்டாம்.

சேர்வதற்கே பணம் கேட்கும் "ஆய்வு" கண்ணில் பட்டால் உங்கள் டாக்டரிடம் காட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். பதிவேட்டில் இடம்பெற்றிருப்பது தரச்சான்று ஆகாது.

6. தகுதி நிபந்தனைகளை விலக்கும் பட்டியலிலிருந்து படியுங்கள்

சேர்க்கும் நிபந்தனைகள் நம்பிக்கை தரும். முடிவைச் சொல்வது விலக்கும் நிபந்தனைகள். அங்கிருந்து தொடங்கினால் பத்து நிமிடத்தில் தெளிவு கிடைக்கும். அடிக்கடி தடுப்பவை இவை.

*அளக்கத்தக்க கட்டி.* பல ஆய்வுகள் ரெசிஸ்ட் 1.1 என்ற அளவுகோலைப் பின்பற்றுகின்றன. சி.டி.யில் கட்டி குறைந்தது 10 மில்லிமீட்டர், நிணநீர்க் கணு என்றால் குறுக்களவு 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வயிற்று நீரும், சவ்வில் மெல்லிதாகப் படர்ந்த நோயும் எவ்வளவு இருந்தாலும் அளக்கத்தக்கவை ஆகா. சினைப்பைப் புற்றுநோயில் இது பெரிய தடை, ஏனென்றால் இந்த நோய் அப்படித்தான் படர்கிறது. சி.ஏ.125 அளவை வைத்து மதிப்பிடும் ஆய்வுகளும் உண்டு, அவற்றைத் தனியாகத் தேடுங்கள்.

*குடல்.* சமீபத்தில் குடல் அடைப்பு வந்திருந்தால் பல ஆய்வுகள் விலக்கும். மாத்திரை மருந்து என்றால் விழுங்கி உறிஞ்சும் திறனும் வேண்டும்.

*பழைய பக்கவிளைவு.* பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தால் கைகால் மரத்துப்போவது தீவிர அளவில் இரண்டாம் படியைத் தாண்டியிருந்தால் சில மருந்துகளுக்கு இடமில்லை. மிர்வெடுக்சிமாப் போன்றவை கருவிழியைப் பாதிப்பதால் கண் நோய் உள்ளவர்களை வடிகட்டுவார்கள். டெருக்ஸ்டெகான் வகை மருந்துகள் நுரையீரல் அழற்சி தரலாம் என்பதால் நுரையீரல் வரலாற்றைத் துருவிக் கேட்பார்கள்.

*முன்பு எடுத்த மருந்து.* எதிர்ப்புரதத்தோடு கீமோவை இணைத்த மருந்து ஒன்றை ஏற்கெனவே எடுத்திருந்தால், அதே வகைக் கீமோவைச் சுமக்கும் இன்னொரு மருந்தின் ஆய்வு விலக்கக்கூடும். இதனால்தான் எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி முக்கியமாகிறது. இரண்டு ஆய்வுகளுக்குத் தகுதி இருந்தால், "இதில் சேர்ந்தால் பிறகு எது அடைபடும்?" என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

*ரத்த அளவுகள்.* நியூட்ரோஃபில் 1,500, தட்டணு 1,00,000, ஹீமோகுளோபின் 9 கிராம் என்பவை வழக்கமான குறைந்தபட்ச எல்லைகள். அளவு குறைவாக இருக்கிறதே என்று பரிசோதனைக்கு முதல் நாள் ரத்தம் ஏற்றியோ, வெள்ளணு ஊசி போட்டோ போகாதீர்கள். முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் ஏற்றியிருக்கக் கூடாது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நல்லது என்று செய்தது தேதியைத் தள்ளிவிடும்.

7. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்

அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் படித்து, புரியாத இடங்களில் கோடிட்டு, கேள்விகளோடு திரும்புங்கள். எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்துக் கேள்வி மாறும்.

முதல் கட்டம் பார்ப்பது பாதுகாப்பையும் டோஸையும். அங்கே கேட்க வேண்டியது: "நான் சேரும் குழுவுக்கு எந்த டோஸ்? டோஸை ஏற்றிப் பார்க்கும் பகுதியா, முடிவான டோஸை அதிகம் பேரிடம் பார்க்கும் பகுதியா?" தொடக்கக் குழுக்களில் டோஸ் மிகக் குறைவாக இருக்கலாம்.

மூன்றாம் கட்டத்தில் புதிய மருந்தா, வழக்கமான கீமோவா என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். பிளாட்டினத்தை எதிர்க்கும் நோய்க்கான ஆய்வுகளில் வழக்கமான கீமோ என்பது பொதுவாக வாராந்திர பாக்லிடாக்சல், லிபோசோமல் டாக்ஸோரூபிசின், டோபோடெகான் போன்றவற்றில் ஒன்று. ஒன்றுமே தராமல் வெறும் போலி மருந்து தருவார்கள் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. போலி மருந்து இருந்தாலும் இத்தகைய ஆய்வுகளில் பொதுவாக வழக்கமான கீமோவோடு சேர்த்தே தரப்படும். ஆனால் கீமோ பக்கம் விழுந்தால் விலகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு சேராதீர்கள். அந்த மனநிலை இருந்தால் குலுக்கல் இல்லாத ஆய்வைத் தேடுவதே உங்களுக்கு நல்லது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகத் தெரிந்துகொள்ளுங்கள். மிராசோல் என்ற மூன்றாம் கட்ட ஆய்வில் 453 பேர் சேர்ந்தார்கள். மிர்வெடுக்சிமாப் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 16.46 மாதம், கீமோ எடுத்தவர்களுக்கு 12.75 மாதம். இந்தத் துறையில் இது பெரிய வெற்றி. மறுபுறம், அவெலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை 566 பேரிடம் சோதித்த ஜாவெலின் ஒவேரியன் 200 ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. புதிது என்பதாலேயே மேலானது என்று பொருளில்லை, அதைக் கண்டறியத்தான் ஆய்வே நடக்கிறது.

கட்டாயம் எழுத்தில் பெற வேண்டிய பதில்கள்: மருந்து, ஸ்கேன், கூடுதல் பயாப்சி ஆகியவற்றின் செலவு யாருடையது? மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? பயணத்துக்கு ஏதும் தருவார்களா? மாதம் எத்தனை முறை வர வேண்டும்? இரவில் தொந்தரவு வந்தால் யாரை அழைப்பது?

8. ஸ்கிரீனிங்: 28 நாள் ஓட்டம்

கையெழுத்துக்குப் பிறகே ஆய்வுக்கான பரிசோதனைகள் தொடங்கும். ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்காக ரத்தம்கூட எடுக்கக் கூடாது என்பது விதி. அன்றிலிருந்து முதல் டோஸ் வரை பெரும்பாலும் 28 நாள் வரம்பு. ஸ்கேன், ரத்தம், இ.சி.ஜி., சில மருந்துகளுக்குக் கண் பரிசோதனை அல்லது இதய எக்கோ எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

ஸ்கேனையும் திசுச் சோதனையையும் ஒரே நாளில் தொடங்காமல் திசுவை முதலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதன் முடிவுதான் தாமதமாகும். முடிவு வருவதற்குள் ஸ்கேன் பழையதாகிவிட்டால் மீண்டும் எடுக்க நேரும். பல ஆய்வுகளில் திசுவுக்கு மட்டும் முன்னோட்ட ஒப்புதல் படிவம் தனியாக உண்டு.

புதிய பயாப்சி கேட்டால், அளக்கத்தக்க கட்டி ஒன்றே ஒன்று இருக்கும் பட்சத்தில் அதிலிருந்து எடுக்கலாமா என்று ஆய்வாளரிடம் முன்பே கேளுங்கள். பயாப்சி எடுத்த கட்டியைப் பிறகு அளவுக்கு ஏற்காத ஆய்வுகள் உண்டு.

மூலிகை மருந்து, சத்து மாத்திரை, கஷாயம் எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைச் சில மூலிகைகள் மாற்றும். ஆய்வு மருந்தின் அளவு ரத்தத்தில் தாறுமாறாகும். மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

9. மருந்து தொடங்கிய பிறகு

ஆய்வு மருந்தின் பெயர், அவசர எண் எழுதிய அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். வேறு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த மருந்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், புதிதாக வந்த வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், பார்வை மங்கல், நிற்காத வாந்தி, வயிறு இறுகி மலமும் காற்றும் போகாமை: இவற்றில் எது வந்தாலும் அன்றே அழையுங்கள். "சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. உண்மையில், சீக்கிரம் சொன்னால் டோஸைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ தொடர முடியும். முற்றிய பிறகு சொன்னால்தான் நிரந்தரமாக நிறுத்த நேர்கிறது.

ஸ்கேன் வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. குறித்துக்கொண்ட கட்டிகளின் மொத்த அளவு 30 சதவீதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். மிகக் குறைந்திருந்த அளவிலிருந்து 20 சதவீதமும் குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால், அல்லது புதிய கட்டி தோன்றினால், நோய் வளர்கிறது என்று பொருள். இடையில் இருப்பது நிலையான நோய், அதுவும் பலன்தான். ஸ்கேனை ஒவ்வொரு முறையும் அதே மையத்தில், அதே முறையில் எடுங்கள். இயந்திரமும் படத்தின் தடிமனும் மாறினால் அளவு மாறித் தெரியும்.

வலி, வாந்தி, வயிற்று நீர், தூக்கம் ஆகியவற்றுக்கான ஆதரவு சிகிச்சையை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வில் இருப்பது அதற்குத் தடையில்லை. உடல் தாங்கினால்தான் மருந்தைத் தொடர முடியும்.

10. ஆய்விலிருந்து வெளியேறும்போது

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலக உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் வருவதை நிறுத்தி மறைந்துவிடாதீர்கள். நிறைவுப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சில பக்கவிளைவுகள் கடைசி டோஸுக்குப் பிறகும் வரும்.

கிளம்பும் முன் மையத்திடம் நான்கு பொருள்களைக் கேட்டு வாங்குங்கள்: எடுத்த மருந்து, டோஸ், கடைசித் தேதி, நிறுத்திய காரணம் ஆகியவை எழுதிய கடிதம்; ஸ்கேன் படங்கள்; ஆய்வில் செய்த கட்டிச் சோதனைகளின் முடிவுகளில் தரக்கூடியவை; மிஞ்சிய திசு பிளாக். எந்த மருந்து தரப்பட்டது என்பது மறைக்கப்பட்ட ஆய்வாக இருந்தால், அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்க அதை வெளிப்படுத்த முடியுமா என்று உங்கள் டாக்டர் மூலம் எழுத்தில் கேளுங்கள். பிளாக் எங்கோ தொலைவில் உள்ள ஆய்வகத்தில் இருந்தால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், ஆகவே அந்த விண்ணப்பத்தை வெளியேறும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.